மரப்பட்டைக் கஷாயமும் இருநூற்றுப் பத்துப் படியும்

அன்பும் மரியாதையும் உள்ள மாமாவுக்கு,

உங்கள் மச்சான் எழுதுவது. நீங்களும் அக்காவும் அங்கே நலம் என்று நம்புகிறேன். இங்கே நலம் என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. சொல்ல வெட்கம்தான், ஆனால் மாமாவிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது, போன வாரம் முழுக்க எனக்கு வயிறு இளகவே இல்லை. காரணம் என் வேலை. கிரேன் கூண்டுக்கு இருநூற்றுப் பத்துப் படி. ஒரு தடவை இறங்கி ஏறினால் முழங்கால் கழன்றுவிடும். அதனால் மேலே போனால் தண்ணீர் குடிக்க மாட்டேன், வந்ததையும் அடக்கிக்கொள்வேன். இருபது வருஷமாக அடக்கியதெல்லாம் சேர்ந்து கோபித்துக்கொண்டது.

உங்கள் தோட்டத்து மரப்பட்டையை அனுப்பி, ஒரு வருஷம் காயவைத்துக் குடி என்று எழுதியிருந்தீர்கள். நாலு நாள் போகாதவனிடம் ஒரு வருஷம் பொறு என்பது என்ன நியாயம்? காய்வதற்குச் சூடுதானே வேண்டும் என்று கிரேன் மோட்டார் பெட்டிமேல் மூன்று நாள் பரப்பி வைத்தேன். ஒரு வருஷ வெயிலை மூன்று நாளில் முடித்த பெருமையோடு, நேற்றுக் காலை ஆறு மணிக்கு ஒரு டம்ளர் கஷாயம். எட்டு மணி வரை அசைவில்லை, இன்னொன்று. பத்து மணிக்கு ஃபிளாஸ்கிலிருந்து மூன்றாவது.

மதியம் இரண்டு மணிக்கு என் லைசென்ஸைப் புதுப்பிக்கும் பரீட்சை. தேறாவிட்டால் கூண்டு கிடையாது, கீழே கம்பி சுமக்க வேண்டியதுதான், ஐம்பத்திரண்டு வயதில் எந்தத் தோள் தாங்கும்? பரிசோதகர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு டன் கம்பிக்கட்டை ஏழாவது மாடிக்குத் தூக்கியதும் உங்கள் பட்டை கண் விழித்தது. குடலைப் பிழிந்து கொடியில் போட்டமாதிரி வலி.

"என்னப்பா, இப்படி வேர்க்குது?"

"சார், இறங்கணும்."

"பாரம் தொங்குதே."

"ரெண்டு பாரம் சார். அது நிக்கும், இது நிக்காது."

பாரத்தைத் தொங்கவிட்டு எழுந்திருப்பது எங்கள் தொழிலில் கொலைக்குற்றம். எழுந்துவிட்டேன். ஏணியில் அவர் முதலில், நான் அவர் தலைக்கு மேலே.

"மெதுவா வாப்பா."

"சார், நீங்க வேகமா இறங்குங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் தரையில் கால் வைத்து ஒதுங்கவும், எனக்குப் பத்துப் படி பாக்கி இருக்கவும், மானம் போகவும் சரியாக இருந்தது.

சாயந்தரம் நாட்டு மருந்துக்கடையில் போய்ச் சொன்னதற்கு, கடைக்கார அம்மா பிடி பிடியென்று பிடித்துவிட்டார். "ஒரு வருஷம்னா காயறதுக்கு மட்டும் இல்லைய்யா, பச்சைப்பட்டையோட உக்கிரம் அடங்கறதுக்கு. வேலை செய்ய எட்டு மணி நேரம் ஆகும், பன்னிரண்டும் ஆகும். படுக்கப்போகும்போது ஒரே தடவை, கொஞ்சமா. தண்ணி நிறைய. ஒரு வாரத்துக்கு மேல தொடக்கூடாது. வயித்துவலிக்காரங்க, பிள்ளைத்தாச்சிங்க கிட்டயே போகக்கூடாது. பிரஷர், இருதய மாத்திரை சாப்பிடறவங்க டாக்டரைக் கேக்காம வாயில வைக்கக்கூடாது."

அக்கா பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாள். அவளுக்கும் இதைக் கொடுக்கப்போவதாக எழுதியிருந்தீர்களே, உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன், கொடுக்காதீர்கள். என் பிழைப்புத்தான் போச்சு, அவளாவது டாக்டரைப் பார்க்கட்டும். மிச்சப் பட்டையைக் குப்பையில் கொட்டியாச்சு. அந்தச் சனியன் இந்த வீட்டில் இனி ஒரு துளி இல்லை.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. எல்லார் வயிறும் நேரம் தவறாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கூண்டை இழந்த மச்சான்

பி.கு.: மேலே பிழைப்புப் போச்சு என்று எழுதியதை அடித்துவிடுங்கள். நான் தபால்தலை வாங்கப் போயிருந்தபோது, சாயந்தரம் ஏழு மணிக்குப் பரிசோதகரே வீட்டுக்கு வந்திருக்கிறார். தங்கமான மனிதர். உடம்புக்கு வந்ததைக் குற்றமாக எழுத மாட்டேன், நாளைக் காலை ஏழு மணிக்கு மறுபரீட்சை, நானே கூட உட்காருகிறேன் என்றாராம். டீயில் பால் சேர்க்க மாட்டாராம். என் வீட்டுக்காரி ஃபிளாஸ்கில் நேற்று மிஞ்சியிருந்ததைப் பால் விடாத டீ என்று நினைத்துச் சுடவைத்துக் கொடுத்திருக்கிறாள். கொஞ்சம் கசப்பு என்று சொல்லி இரண்டு டம்ளர் குடித்தாராம். அவருக்கு நாலு தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபரீட்சை விதிப்படி ஏணியில் நான் முதலில் இறங்க வேண்டும், அவர் என் தலைக்கு மேலே.