அண்ணனுக்கு என்ன ஆச்சு சார்?

ஹாலிவுட்டில் 'மியூசிக்கல்' என்று தனியாக ஒரு வகைப் படம் உண்டு என்பது எனக்கு இருபத்தேழு வயது வரை தெரியாது. கோவில்பட்டியில் நான் பார்த்த எல்லாப் படங்களிலும் பாட்டு இருந்தது. குடும்பப் படத்தில் ஆறு, சண்டைப் படத்தில் ஐந்து, பேய்ப் படத்தில்கூட அந்தப் பேய் உயிரோடு இருந்த காலத்துக்கு ஒன்று. பாட்டு இருக்கிற படத்துக்குத் தனிப் பெயர் எதற்கு? இந்த அறியாமை பெரிய குற்றமில்லை. "மியூசிக்கல்னா எனக்கு உயிர் சார்" என்று பெண்ணின் அப்பாவிடம் போனில் சொன்னேனே, அதுதான் குற்றம்.

அப்போது எனக்கு சால்ட் லேக்கில் வேலை. கொல்கத்தாவுக்கு வந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. ஊரில் அப்பா அம்மா பார்த்த வரன் ஆச்சரியமாக கொல்கத்தாவிலேயே அமைந்தது. பெண் பெயர் வித்யா, பள்ளிக்கூட டீச்சர், பிறந்து வளர்ந்தது பாலிகஞ்ச்சில். அவளுடைய அப்பா சோமசுந்தரம் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜாதகம் பொருந்திவிட்டது. பெரியவர்கள் ரயிலேறி வருவதற்கு முன்னால் பையன் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று முடிவானது. அதற்காக போன் செய்தபோதுதான் சோமசுந்தரம் சார் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"தம்பிக்கு ஓல்டு ஹாலிவுட் மியூசிக்கல் எல்லாம் இஷ்டமா?"

நான் உயிர் என்றேன். (கிரிக்கெட் பிடிக்குமா, கருணைக்கிழங்கு பிடிக்குமா என்று கேட்டிருந்தாலும் அன்றைக்கு உயிர் என்றுதான் சொல்லியிருப்பேன்.)

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இடைவேளைக் கூட்டத்தில் நிற்பது என் அப்பாவுக்கு ஆகாது. அதனால் தியேட்டரில் பாட்டு தொடங்கியதும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போவார். ஒன்றுக்குப் போய்விட்டு, முறுக்கு வாங்கி, காற்று வாங்கி, பாட்டு முடியும்போது சீட்டுக்குத் திரும்புவோம். கதையில் ஒரு நூல்கூடத் தவறியிருக்காது. பதினைந்து வருடம் இப்படிப் பழகியதில், நாலு வயலின் சேர்ந்து கிளம்பினாலே என் உடம்பு தானாக எழுந்து நின்றுவிடும்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு பாலிகஞ்ச் வீட்டில் ஆஜரானேன். வித்யா டீ கொண்டுவந்து வைத்து, "வழி கண்டுபிடிக்க கஷ்டம் ஆச்சா?" என்றாள். நான் "ஆமாம், இல்லை" என்றேன். அத்தோடு எங்கள் பேச்சு முடிந்தது. அவளுடைய அம்மா, நான் ஆன்ட்டி என்று கூப்பிட்டவர், சமையலறையில் லூச்சிக்கு, அதாவது வங்காளத்து மைதாப் பூரிக்கு, மாவு பிசைந்துகொண்டிருந்தார். சார் திரைச்சீலைகளை எல்லாம் இழுத்து மூடினார். சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டியிருந்தார். எதிரே ஒரு புரொஜெக்டர்.

"முதல்ல படம், அப்புறம் சாப்பாடு, அப்புறம்தான் பேச்சு. ஒரு மனுஷனைப் பத்தி தெரிஞ்சுக்கணும்னா அவன் ஒரு படத்தை எப்படிப் பாக்கறான்னு பாத்தா போதும்" என்றார்.

படம் நன்றாகத்தான் தொடங்கியது. கடலில் ஒரு பெரிய கப்பல். கதாநாயகன் அதில் பரிமாறுகிறவன். பணக்காரப் பெண் ஒருத்தியின் மடியில் சூப்பைக் கொட்டிவிடுகிறான். அவள் கத்துகிறாள், அவனும் கத்துகிறான். எனக்கு நன்றாகப் புரிந்தது. எங்கள் ஊர் சினிமாவேதான். அப்போது வயலின் கிளம்பியது. நானும் கிளம்பினேன்.

பாத்ரூமுக்குப் போய்விட்டு, வழக்கப்படி பின்பக்க பால்கனியில் நின்று லோக்கல் ரயில்களைப் பார்த்தேன். பாட்டு அடங்கியதும் திரும்பினேன். திரையில் அதே முகம். ஆனால் உடம்பில் கேப்டன் கோட்டு, தலையில் தொப்பி. சற்று முன் கத்திய பெண் அவன் தோளில் சாய்ந்து நிலாவைப் பார்க்கிறாள்.

ஒரு நிமிடம் யோசித்தேன். இரட்டை வேடம் என்று தெளிந்தது. அண்ணன் கேப்டன், தம்பி சர்வர். சின்ன வயதில் பிரிந்திருப்பார்கள்.

அடுத்த பாட்டுக்குப் போய் வந்தேன். தம்பி கப்பலின் அடுக்களையில் கண்ணீரோடு தட்டு கழுவிக்கொண்டிருந்தான். மூன்றாவது பாட்டுக்குப் போய் வந்தேன். அண்ணன் மறுபடி கோட்டுப் போட்டு விருந்தில் நின்றான். ஒரே கப்பலில் இருந்துகொண்டு இருவரும் எப்படி ஒருமுறைகூடச் சந்திக்காமல் இருக்கிறார்கள் என்று எனக்கு ஒரே குழப்பம். இயக்குநர் கிளைமாக்ஸுக்காகச் சேர்த்து வைத்திருக்கிறார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நான் இருட்டில் இந்தக் குழப்பத்தில் இருந்தபோது, அந்த வீடு என்னைப் பற்றி வேறொரு குழப்பத்தில் இருந்தது. நான் சமையலறையைத் தாண்டிப் போனதை எல்லாம் ஆன்ட்டி எண்ணியிருக்கிறார். நாலாவது முறை பால்கனிக்கு வந்தபோது என் போன் அடித்தது. கோவில்பட்டியிலிருந்து அப்பா.

"ஏலே, அங்க என்னலே நடக்கு? பொண்ணோட அம்மா போன் பண்ணி நம்ம வீட்ல யாருக்கும் சுகர் உண்டான்னு கேக்காங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உங்க தாத்தாவுக்கு இருந்துச்சுன்னு உள்ளதைச் சொன்னேன். ஏன், சொல்லக் கூடாதா?"

இனிப்பு ஏதோ செய்கிறார்கள், அதற்காகக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். உள்ளே வந்தால் படம் நிறுத்தப்பட்டு விளக்குப் போடப்பட்டிருந்தது. ஆன்ட்டி கையில் ஒரு சின்ன மெஷின்.

"தம்பி, விரலைக் காட்டுப்பா. வலிக்காது."

காட்டினேன். சுருக்கென்று குத்தினார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கொல்கத்தாத் தமிழர்கள் பெண் பார்க்கும் வழக்கத்தில் இதுவும் ஒன்று போலிருக்கிறது, ரத்தம் பார்த்துத்தான் பெண் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். (என் அறிவின் அளவை இதைவிட நன்றாக எந்த மெஷினும் காட்டியிருக்க முடியாது.)

ஆன்ட்டி மெஷினைப் பார்த்தார். சாரிடம் காட்டினார். இருவர் முகத்திலும் குழப்பம். "சுகர் நார்மல்தான். அப்ப அம்போல்" என்றார். அம்போல் என்றால் இங்கே புளித்த ஏப்பத்திலிருந்து மனக்கவலை வரை எல்லாம் அடங்கும். ஒரு தம்ளர் ஓமத் தண்ணீர் வந்தது. குடித்தேன். கண்ணில் நீர் வந்தது. மேஜையில் எனக்காக வைத்திருந்த பனைவெல்ல சந்தேஷ் இனிப்புத் தட்டு உள்ளே போனது. லூச்சியும் எனக்கில்லை, குழைந்த சோறும் வாழைக்காய்க் குழம்பும்தான் என்று காதில் விழுந்தது.

வித்யா என் பக்கம் குனிந்து, "ஷொரீர் கராப்பா? உடம்பு சரியில்லைன்னா சொல்லிடுங்க. அப்பா ஒண்ணும் நினைக்க மாட்டார்" என்றாள். அவள் முதல்முறையாக அக்கறையோடு பேசுகிறாள். அதைக் கெடுக்க மனம் வராமல், "கொஞ்சம்" என்று சொல்லிவிட்டேன்.

மீதிப் படத்தில் பாட்டு வந்தபோது எழுந்து போக எனக்கு முழு உரிமை கிடைத்துவிட்டது. ஆன்ட்டியே வழிவிட்டார். கடைசிப் பாட்டு முடிந்து வந்தபோது அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை சர்வர் உடையில் நின்றான். 'முற்றும்' போட்டுவிட்டார்கள்.

எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. சார் விளக்கைப் போட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்படி இருந்துச்சு தம்பி?" என்றார்.

"நல்லா இருந்துச்சு சார். ஆனா அண்ணனுக்கு என்ன ஆச்சு சார்?"

"எந்த அண்ணன்?"

"கேப்டன் சார். அந்தப் பொண்ணு அவரைத்தானே விரும்புச்சு. தம்பியைக் கட்டிக்கிட்டா அவர் கதி? என்னைக் கேட்டா தம்பியைவிட அண்ணன் நடிப்புதான் சார் நல்லா இருந்துச்சு."

ஆன்ட்டி மெதுவாக மெஷினை எடுத்தார். சார் கையைக் காட்டி அவரைத் தடுத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். சர்க்கரையும் இல்லை, வயிறும் இல்லை, தலையில் ஏதோ என்று அவர் முடிவுக்கு வருவது முகத்தில் தெரிந்தது.

வித்யாதான் முதலில் பேசினாள். "அப்பா, தாடாவ், கொஞ்சம் இருங்க. இவர் ஒரு பாட்டுகூடப் பாக்கல. வயலின் கேட்டா எழுந்து போறார், பாட்டு முடிஞ்சா வர்றார். அவருக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல." என் பக்கம் திரும்பி, "அப்படித்தானே?" என்றாள்.

பள்ளிக்கூட டீச்சர் கேட்கிற தொனி. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அப்பா, முறுக்கு, வயலின், மியூசிக்கல் என்றால் என்னவென்றே தெரியாதது வரை. சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு சால்ட் லேக் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். (சட்டை போட்டுத்தான் இருந்தேன். அந்த அளவுக்குக் குழப்பம்.)

சார் கோபப்படவில்லை. அவர் முகத்தில் இருந்தது இரக்கம். "அப்ப நீ படத்தையே பாக்கல தம்பி" என்றார். "பாட்டுலதான் கதையே நடக்குது." என்னை சோபாவின் நடுவில் உட்காரவைத்து, ஒரு பக்கம் தானும் மறுபக்கம் வித்யாவுமாக உட்கார்ந்து, படத்தை முதலிலிருந்து போட்டார். ஆன்ட்டி லூச்சியை மடியிலேயே கொடுத்துவிட்டார்.

அன்றுதான் முதல் பாட்டைப் பார்த்தேன். சர்வர், கொக்கியில் தொங்கிய கேப்டன் கோட்டைத் தூசி தட்ட எடுக்கிறான். தட்டுகிறான், விளையாட்டாக மாட்டிக்கொள்கிறான், கண்ணாடி முன் ஒரு அடி வைக்கிறான். அடி ஆட்டமாகிறது. தளத்தின் கம்பிகளை எல்லாம் தாண்டி ஆடிக்கொண்டே வந்து அந்தப் பெண்ணின் எதிரில் நிற்கிறான். அவள் தவறாக நினைத்துக்கொள்கிறாள். அவனால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. பாட்டு தொடங்கியும் அவர்கள் வரிக்கு ஒரு உடை மாற்றவில்லை, வேறு நாட்டுக்குப் போகவில்லை, அந்தக் கப்பலிலேயே இருந்தார்கள் என்பது எனக்குப் பெரிய அதிர்ச்சி. நாலு நிமிடத்தில் ஒரு மனிதனின் வாழ்க்கை மாறிவிடுகிறது, நான் அந்த நாலு நிமிடமும் ரயில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பாட்டு முடிந்ததும் என்னையறியாமல் "இன்னொரு தடவை போடுங்க சார்" என்றேன். சார் என் முதுகில் தட்டினார். கல்யாணம் நிச்சயமானது அப்போதுதான் என்று வித்யா சொல்வாள்.

இப்போது சார் எனக்கு மாமா. ஞாயிறு தவறாமல் அவரோடு ஒரு படம் பார்க்கிறேன். பழைய மியூசிக்கல் எது கிடைத்தாலும் விடுவதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் படம் தொடங்குவதற்கு முன் மாமா எழுந்து நின்று, விருந்தாளிகள் முன்னிலையில் எனக்காக ஓர் அறிவிப்பு செய்வார்: "மாப்பிள்ளை, இந்தப் படத்துல இரட்டை வேடம் கிடையாது." எல்லோரும் சிரிப்பார்கள். வித்யாதான் அதிகம் சிரிப்பாள்.

போன மாதமும் அப்படித்தான் அறிவித்தார். அவரும் பார்த்திராத படம். பாதியில் கதாநாயகனும் அவனைப் போலவே இன்னொருவனும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து காபி குடித்தார்கள், கைகுலுக்கினார்கள், ஜோடியாக ஆடினார்கள். மெல்ல எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின; மாமாவின் தலை மட்டும் குனிந்துகொண்டது.

"ஒரே ஆள்தான் மாமா" என்றேன். "எனக்கு நல்லாப் புரியுது."