காருக்கு நாடி பிடிப்பவர்

புதுக்கார் வாங்கும்வரை சாதுவாக இருந்து, சாவி கைக்கு வந்த மறுநாளே வைத்தியராகிவிடும் மனித இனம் ஒன்று உண்டு. நோயாளி நன்றாகத்தான் இருக்கும். அதுதான் வைத்தியருக்குப் பொறுக்காது.

நம்மவரைப் பாருங்கள். இறங்கிய கண்ணாடி ஏறாமலும், வைப்பர் மழை நின்ற பிறகே அசைந்தும் வந்த பழைய காரைப் பதினெட்டு வருஷம் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓட்டியவர். புதுக்கார் வந்த அன்றே, ஏதாவது பிரச்சினை வந்தால் குறித்துக்கொள்ள, ஒரு நோட்டையும் கனமான இரும்புப் பேனாவையும் தன் பக்கக் கதவுப் பையில் செருகி வைத்தார். பிரச்சினை வராமல் இருக்குமா?

மூன்றாம் நாள், ஒரு திருப்பத்தில், 'டிக்'.

போயிற்று நிம்மதி. கையேடு, டார்ச், வரைபடங்கள் என்று ஒரு பை நிரம்பி முன் இருக்கையில் ஏறியது. அடுத்த நாள் சீட் பெல்ட் விளக்கு தானாக எரிந்து, கீங் கீங் என்று கத்தியது. "மின்கோளாறும் சேர்ந்தாச்சு" என்றார், கவலையாக. கொஞ்சம் சந்தோஷமாகவும்.

அன்று முதல் காரில் யாரும் பேசக்கூடாது. ஏசி கூடாது. மூச்சு விடலாம், மெதுவாக. பின்சீட்டில் மனைவி கதவை முழங்காலால் அழுத்த, மகள் கூரையைத் தாங்கிப் பிடிக்க, ஊர்வலம் கிளம்பும்.

"கேட்டுச்சா?"

"இல்லப்பா."

"நல்லாக் கேளு. கேக்காததுதான் ஆபத்து."

"இருபத்துநாலு வருஷமா நான் சொன்னது ஒண்ணும் இந்தக் காதுல விழல" என்றார் மனைவி. "ஒரு டிக்கு விழுதாம்!"

சிக்கல் என்னவென்றால், மகளுக்கு வெளியூரில் முதல் வேலை. ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர வேண்டும். 'நானே கொண்டுபோய் விடுறேன்' என்று சொல்லித்தான் கார் வாங்கியதே. இப்போதோ, சத்தத்தின் காரணம் தெரியாமல் நெடுஞ்சாலையில் ஏற்ற மாட்டாராம். சனிக்கிழமைக்குள் தீராவிட்டால் அவள் ரயிலில். கார் வீட்டில் ஓய்வெடுக்கும்.

மெக்கானிக் மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். நம்மவர் பையைப் பின்னால் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டும் பேனாவும் கையில் ஏந்திக் காத்திருந்தார். டிக் இல்லை. கீங் இல்லை.

"உங்களைக் கண்டா நடிக்குதுங்க!" என்றார் நம்மவர்.

சனிக்கிழமை மெக்கானிக் பின்னால் ஏறிக்கொண்டார். "என்னை மறந்துடுங்க சார். வீட்டுக்குப் போற மாதிரியே ஓட்டுங்க."

பை முன்னால் வந்தது. கீங். முதல் திருப்பம். டிக்.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளைபோல் குதித்தார்.

"ஓரங்கட்டுங்க சார்." மெக்கானிக் இறங்கிவந்து, கதவுப் பைக்குள் கைவிட்டு, பேனாவை எடுத்தார். அதைத் திரும்ப உள்ளே போட்டு உருட்டினார். டிக். பிறகு முன் இருக்கைப் பையைத் தூக்கினார். கீங் நின்றது.

"இதுல என்ன சார், இவ்ளோ கனம்?"

"காரோட குறைங்க."

"ஆள் உக்காந்திருக்குன்னு வண்டி நினைச்சிருக்கு. இனிமே கூட்டிட்டுப் போறதா இருந்தா, அதுக்கும் பெல்ட் போட்டு விடுங்க."

ஞாயிற்றுக்கிழமை பை இருந்த இடத்தில் மகள் உட்கார்ந்தாள். மனைவி பின்சீட்டில் தூங்கிவிட்டார். பாதி வழியில், "எனக்குப் பயமா இருக்குப்பா" என்றாள் மகள்.

"எதுக்கு?"

"புது ஊரு, தனி ரூமு..."

"எப்பலேர்ந்து?"

"மூணு வாரமா."

"சொல்லவே இல்லையே?"

"வண்டில பேசக்கூடாதுன்னீங்களே."

மீதி வழியெல்லாம் அவள் பேசினாள். கார் என்ன சத்தம் போட்டதோ, அவருக்குத் தெரியாது.

நீங்கள் அந்த ரகம் இல்லையா? நல்லது. தலைக்கு மேல் மின்விசிறி லேசாக ஏதோ சொல்கிறதே, கவனித்தீர்களா? நிமிர்ந்து பார்த்துவிட்டீர்கள் என்றால் சொல்லுங்கள். என்னிடம் ஓர் இரும்புப் பேனா சும்மா கிடக்கிறது.