முட்டுச் சந்தின் அறுபத்தொரு மணி நேரம்

ஒரு காரியத்தை அளந்து முடித்ததும், அதைச் செய்தே முடித்துவிட்டதாக நினைத்து நிம்மதியாகக் கை கழுவிவிடுகிற ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

நம்முடைய தண்ணீர்ப் பரிசோதகரையே எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீர் எந்தத் தெருக் குழாய்க்குள் எத்தனை மணி நேரம் கிடக்கிறது என்று கண்டுபிடிப்பது அவர் உத்தியோகம். மேல்நிலைத் தொட்டியில் கொஞ்சம் உப்பைக் கரைத்துவிட்டு, வீடு வீடாகப் போய்க் குழாயடியில் குந்தி, உப்பைக் காட்டும் மீட்டரை நனைத்து, அந்த உப்பு வந்து சேர்ந்த நொடியைச் சிவப்பு மையில் குறித்து, அடியில் இரண்டு கோடு கிழித்து, அந்தக் கோட்டைத் தாமே ரசிப்பார். வீட்டில் மனைவி ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினால், "இதுக்கு வயசு பதினாலு மணி நேரம்" என்று ஆரம்பிப்பார். அவர் முடிப்பதற்குள் அந்த அம்மாளே குடித்துவிட்டுப் போய்விடுவார்.

முட்டுச் சந்தின் கடைசி வீட்டில் ஒரு தையல்காரி. தண்ணீர் நாறுகிறது, கைக்குழந்தைக்கு வயிறு சரியில்லை என்று மனு கொடுத்திருந்தாள். பரிசோதகர் ஐந்தாவது முறையாக மீட்டரோடு வந்தார்.

"அறுபத்தொரு மணி நேரம்மா! ஊர்லயே உங்க தண்ணிதான் ரொம்பப் பழசு!" பரிசு விழுந்த செய்தி சொல்வதுபோல் முகமெல்லாம் பல்.

"வாசல்ல இருக்கிற அந்தக் கடைசி வால்வைத் தொறந்து, பழசை வெளிய விட்டா போதாதா சார்?"

"ஐயையோ! தொறந்தா தேங்காதேம்மா. அப்புறம் நான் எதை அளக்கறது?"

அவள் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். மூன்றாவது முறையாகக் காய்ச்சலில் கிடந்து எழுந்த குழந்தை அது.

"சரி சார். தண்ணி குழாய்ல அறுபத்தொரு மணி நேரம். என் மனு உங்க மேசைல எவ்வளவு நேரமா கிடக்கு?"

இப்படி ஒரு கேள்விக்குத்தானே அவர் பிறந்ததே! நோட்டைப் புரட்டினார்.

"எழுபத்திரண்டு நாள், நாலு மணி நேரம்!" என்றார் கணீரென்று. சொன்ன பிறகுதான் தம் குரல் தம் காதிலேயே விழுந்தது. முகம் சுண்டிப்போயிற்று.

அத்தனை நாளும் பையிலேயே கிடந்த வால்வு சாவியை எடுத்தார். குனிந்து திருகினார். பழுப்பாகக் கொட்டிய தண்ணீர் இருபது நிமிடத்தில் தெளிந்தது. இருபதையும் குறித்துக்கொண்டார், பாவம், பழக்கம்.

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் அண்ணனோடு பேச்சு நின்று எத்தனை வருஷம் என்று கேட்டால், யோசிக்காமல் மாதத்தோடு சொல்வீர்கள் அல்லவா? பையைத் தடவிப் பாருங்கள். சாவி அங்கேதான் இருக்கும்.