சொக்கம்மாளின் வேலைநிறுத்தம்

வியாசர்பாடி,
12.9.2002

அன்புள்ள மச்சான் அறிவுக்கு, உன் மாமா அசோகன் எழுதுவது. மீஞ்சூரில் நீயும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான் நலமாக இருப்பதாகவே வைத்துக்கொள். உன் அக்கா சொக்கம்மாள் நலமா என்று எழுத வழியில்லை, மூன்று நாளாக என்னோடு பேசுவதில்லை.

எண்ணூர் தொழிற்சாலையில் விருப்ப ஓய்வு வாங்கியபோது கிடைத்த நான்கு லட்சத்தை வங்கியில் போட்டது உனக்குத் தெரியும். என்னோடு ஓய்வு வாங்கிய கிருஷ்ணப்பன் இரட்டை வட்டி தருகிற கம்பெனியில் போட்டான், இப்போது அந்தக் கம்பெனி இருந்த மாடியில் டியூஷன் நடக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை மச்சான். பால் விலை ஏறுகிறது, வட்டி இறங்குகிறது, நான் மட்டும் எத்தனை வருஷம் இருப்பேன் என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். மாதா மாதம் வரும் வட்டியை ஏழாம் தேதி எனக்கு நானே சம்பளமாகக் கொடுத்துக்கொள்கிறேன், சம்பளச் சீட்டும் எழுதுகிறேன். ஆறு மணிக்குமேல் எழுந்தால் அரை நாள் பிடித்தம். வீட்டில்தான் சாப்பிடுகிறேன், இருந்தாலும் பழக்கத்தில் கேன்டீனுக்கு நாற்பது ரூபாய் பிடித்துவிடுகிறேன். அசலை மட்டும் யாரும் தொடக் கூடாது. இருபத்தாறு வருஷம் ஒழுங்காக நடந்த கம்பெனியில் வேலை பார்த்தவன், வேறு எப்படி நடத்துவேன் சொல்.

இந்த நேரத்தில்தான் உன் அக்காவுக்குக் கண்ணில் புரை என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷனுக்கு ஒன்பதாயிரம். நான் முடியாது என்று சொல்லவில்லை, முன்பணம் வேண்டுமென்றால் மனு எழுதிக் கொடு என்றேன். பக்கத்து வீட்டு ஆலிஸ் அக்காவை எழுதச் சொல்லி வாங்கிக் கொடுத்தாள். நானும் முறைப்படி, "இவ்வாண்டு நிதிநிலை இடம் தரவில்லை" என்று எழுதித் திருப்பினேன். அதற்கு அவள், "நான் இன்னா உன் பொண்டாட்டியா, இல்ல உன் கம்பெனி வாட்ச்மேனா? கண்ணு அவிஞ்சிகினு கீது, இவுரு சீட்டு எய்தினு கீறாரு!" என்று கத்திவிட்டு, செவ்வாய்க்கிழமையிலிருந்து அடுப்பு பற்றவைக்காமல் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். ஆலிஸ் அக்கா அவளுக்கு மட்டும் இட்லி கொண்டுவந்து தருகிறார். எனக்கும் இரண்டு கேட்டதற்கு, "போராட்டத்துல கீறவங்களுக்குத்தான் நைனா" என்கிறார்.

நீ யூனியன் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை வந்து பேச்சுவார்த்தை நடத்து. நிர்வாகம் இறங்கி வராது என்பதைப் பக்குவமாக எடுத்துச் சொல்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். வீண்செலவு செய்யாமல் நூறு வயது வாழட்டும்.

உன் மாமா,
அசோகன்

பி.கு. கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் இன்று காலை உன் அக்கா மாடிப்படியில் விழுந்துவிட்டாள். எலும்புக்கு ஒன்றும் இல்லை. தூக்கி உட்காரவைத்தபோது, "படி முடிஞ்சி பூட்சின்னு நெனச்சேன்யா, இன்னும் ஒண்ணு இருந்துச்சி" என்று மெதுவாகச் சொன்னாள். மூன்று நாளைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். நேரே வங்கிக்குப் போய் அசலை உடைத்துவிட்டேன். திங்கட்கிழமை ஆபரேஷன். பேச்சுவார்த்தை ஒன்றும் வேண்டாம் மச்சான். ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும், பயமாக இருக்கிறது, நீ வா.