ஐம்பதடி முன்னால் நடப்பவர்

மனிதர்களில் ஐம்பதடி முன்னால் நடப்பவர் என்று ஓர் இனம் உண்டு. காட்டில் போய்த் தேட வேண்டாம். எந்தத் தெருவிலும் சாயங்காலம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கைகளை வீசிக்கொண்டு, உடம்புக்கு முன்னால் மூக்கு போக, ஓர் ஆண் வருவார். ஒன்று, இரண்டு என்று பதினைந்து வரை எண்ணுங்கள். பிறகு தோளில் பையோடு ஒரு பெண் வருவாள். இருவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று நினைப்பீர்கள். கல்யாணம் ஆகி முப்பது வருஷம் ஆகியிருக்கும்.

தெருவில் இவர்களால் பெரிய கெடுதல் இல்லை. கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் எவ்வளவு தூரம்தான் பிரிந்துவிட முடியும்? லீவு எடுத்துக்கொண்டு, கடலோரமாக ஐந்து நாள் நடக்கப் போகிறேன் என்று பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு கிளம்பும்போதுதான் இந்த இனம் தன் முழு உருவத்தைக் காட்டும்.

எனக்குத் தெரிந்த ஒருவரைச் சொல்கிறேன். என் பெரியம்மாவின் மூன்றாவது மகளைக் கட்டியவர். அவள் எனக்குத் தங்கை, ஆகவே இவர் மாப்பிள்ளை. தொழில் பல் வைத்தியம். காலையிலிருந்து மாலைவரை, வாயைத் திறந்து வைத்திருந்தும் ஒரு வார்த்தை பேச முடியாமல் கிடப்பவர்களோடு மட்டுமே பேசிப் பழகியவர். "வலிக்கலையே?" என்பார். அவர்கள் "ஆ" என்பார்கள். "ரொம்ப நல்லது" என்று மேலே குடைவார். அவருக்குப் பேச்சு வார்த்தை என்றால் அவ்வளவுதான்.

பழியை முழுக்க அவர் தலையில் போடுவது நியாயமில்லை. பரம்பரை அப்படி. அவருடைய தாத்தா குடும்பத்தோடு ரயிலேறப் போய், தான் மட்டும் ஏறி உட்கார்ந்து, மூன்றாவது ஸ்டேஷன் தாண்டிய பிறகுதான் எதிரில் இருப்பது வேறு யாருடைய குடும்பமோ என்று கண்டுபிடித்தவர். சித்தப்பா, மனைவியின் பிரசவத்துக்கு அவளுக்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து, கட்டில் எங்கே என்று நர்ஸோடு சண்டை போட்டவர். அந்த வீட்டில் ஓர் அத்தை மட்டும் மற்றவர்களோடு சேர்ந்து நடப்பாள். அவளுக்கு மந்தம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

என் தங்கையும் நர்ஸ்தான். இருபத்தாறு வருஷமாக வார்டில் நின்றபடியே மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிட்டவள். லீவு என்றதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"காலைத் தண்ணியில விட்டுக்கிட்டு, கடலைப் பார்த்து, ஒரு அரை நாளாவது உட்கார்ந்திருக்கணுங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

"அதுக்கென்ன, நாலாம் நாள் மத்தியானம் உனக்குத்தான்" என்றார். சும்மா சொல்லவில்லை. அட்டவணையில் பென்சிலால் எழுதியும் காட்டினார்: 'நான்காம் நாள், பன்னிரண்டு முதல் ஆறு வரை, உட்காருதல்.'

போன இடம் சாதாரண இடமில்லை. ஒரு பக்கம் புல்மேடும் ஆடுகளும், மறு பக்கம் செங்குத்துப் பாறை, அதன் காலடியில் கடல் நுரைத்து நுரைத்துப் பின்வாங்குகிறது, பாதையோரமெல்லாம் மஞ்சள் பூ. முதல் நாள் ஒரு முனையைத் திரும்பியதும் தங்கை அசந்து நின்றுவிட்டாள். "என்னங்க, எவ்வளவு அழகா இருக்கு பாருங்க" என்று கத்தினாள். கத்தினால்தானே கேட்கும். அவர் மணிக்கட்டில் கட்டியிருந்த, நடக்கிற அடியை எண்ணும் கடிகாரத்தைப் பார்த்து, "பதினோராயிரத்து நானூறு அடி" என்று திரும்பக் கத்தினார்.

இந்த இனத்தார் மனைவிக்காகக் காத்திருக்க மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காத்திருப்பார்கள். அதுதான் கொடுமை. மாப்பிள்ளை மேட்டின் உச்சியில் போய் உட்காருவார், தண்ணீர் குடிப்பார், ஆரஞ்சு உரித்துச் சுளை சுளையாகத் தின்பார், ஷூவைக் கழற்றிக் கல்லைத் தட்டுவார், காற்று வாங்குவார். இருபது நிமிஷம் கழித்து, முழங்காலில் கையை ஊன்றி ஊன்றி ஏறி வந்த தங்கை பையை இறக்கத் தோளில் கை வைப்பாள். அந்த நொடியில் எழுந்திருப்பார்.

"வந்துட்டியா? அப்ப கிளம்பலாம்."

அவருக்கு ஓய்வு கிடைத்துவிட்டது. ஆகவே இருவருக்கும் கிடைத்துவிட்டது. சாயங்காலம் விடுதியில் மற்ற விருந்தாளிகளிடம், "இன்னைக்கு மட்டும் இவளுக்காக ஒரு மணி அம்பது நிமிஷம் காத்திருந்தேன்" என்று சொல்லி, பொறுமைசாலி என்று பெயரும் வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் தங்கையின் இரண்டு குதிகாலும் கொப்புளம் கண்டு உடைந்தன. அந்த வழியாக வந்த பால் வண்டிக்காரர் அவள் நடக்கிற நடையைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்.

"ஏறுங்கம்மா. விடுதி மூணு கிலோமீட்டர்தான், நான் அந்தப் பக்கம்தான் போறேன்."

அவள் ஏறிவிட்டாள். அவர் ஏறுகிறவர் இல்லை. ஆனால் சாப்பாட்டுப் பை அவள் தோளில் இருந்தது. ஏறினார். பால் கேன்களுக்கு நடுவில், சொத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவர் மாதிரி உட்கார்ந்து வந்தார்.

விடுதியில் வாசலைத் தாண்டினால் மணல், மணலைத் தாண்டினால் கடல். நாலாம் நாள் காலை, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே அட்டவணையை விரித்தார். பென்சிலை எடுத்தார். 'உட்காருதல்' என்பதை அடித்துவிட்டு 'விடுபட்டது' என்று எழுதினார்.

"அந்த மூணு கிலோமீட்டர் உறுத்துது. பன்னெண்டு மணிக்குப் போய் நடந்துட்டு வந்துடலாம்."

"போறப்பவே அதே வழியிலதானே போவோம்? அதோட நடந்தாச்சுன்னு வச்சுக்கக் கூடாதா?"

"அது எதிர்த் திசை. அது சேராது. அங்க போய் நின்னு, அங்கேருந்து இங்க வரணும்."

தங்கை தன் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு, "என் குதிகாலைப் பார்த்தீங்களா?" என்றாள்.

"நேத்தே பார்த்தேனே."

"எப்போ?"

நியாயமான கேள்வி. முன்னால் போகிறவர் எங்கே போய் அவள் குதிகாலைப் பார்த்தார்? அவர் ரொட்டியைக் கடித்தார்.

"நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்."

"தனியாவா? இந்தப் பயணமே உனக்காகத்தானே போட்டேன்" என்று மனம் நொந்துபோய்ச் சொல்லிவிட்டு, தனியாகக் கிளம்பிப் போனார்.

தங்கை ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். திண்டுகளை வெயிலில் தட்டிக்கொண்டிருந்த விடுதிக்காரப் பெண், "நல்ல ஷூக்கா இது, உழைக்கும்" என்றாள்.

"உன் கால் என்ன நம்பர்?" என்று கேட்டாள் தங்கை.

"ஆறு."

"எனக்கும் ஆறுதான். வச்சுக்க."

"ஐயையோ, நாளைக்கு எப்படிக்கா நடப்பீங்க?"

"அதுக்குத்தான் குடுக்கிறேன்."

இரண்டு மணிக்கு, போக மூன்றும் வர மூன்றும் நடந்து, வேர்வையும் வெற்றியுமாக மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். தங்கை ஒரு பாறையில் உட்கார்ந்து காலை முழங்கால்வரை தண்ணீரில் விட்டிருந்தாள். பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் இருந்தது.

"முடிச்சிட்டேன். சரி, ஷூவை மாட்டு, நாளைக்குப் போற வழியைக் கொஞ்சம் பார்த்துட்டு வரலாம்."

"ஷூ இல்லீங்க. குடுத்துட்டேன்."

வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. தன் நாற்காலியில் படுத்திருந்த அத்தனை பேரின் கஷ்டமும் அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்ததா என்று கேட்காதீர்கள்.

"அப்ப அஞ்சாம் நாள்?"

"நான் இங்கதான். ரெண்டு நாள் கழிச்சு பஸ்ல வரேன். நீங்க இருக்கறதுன்னா இருங்க, உட்காருங்க."

ஒரு மனிதன் செய்யக்கூடிய காரியம் அங்கே ஒன்றுதான் இருந்தது, உட்காருவது. அதற்குக் காலை மடக்கினால் போதும். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக மாப்பிள்ளை மீதிப் பாதையை நடந்து முடிக்கக் கிளம்பிவிட்டார். அவர் முதுகு மறைந்ததும் தங்கை பாறைக்குப் போய்விட்டாள்.

அடுத்து நடந்ததை நான் வேறு யார் சொல்லியும் கேட்கவில்லை. அவரே உறவுக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் பெருமையாகச் சொல்வது. பாதை முடிகிற இடத்தில் ஒரு சின்ன ஆபீஸ், மேஜைமேல் பெரிய நோட்டு, நடந்து முடித்தவர்கள் பெயர் எழுத வேண்டும். இவர் இரண்டு பெயரையும் எழுதினார். கணவன், மனைவி, முழுப் பாதையும் நடந்தோம் என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கீழே கோடும் போட்டார். மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் எட்டிப் பார்த்து, "அவங்களைக் காணோமே?" என்று கேட்டிருக்கிறாள்.

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை மாப்பிள்ளை.

"பின்னால வந்துக்கிட்டிருக்கா."

அந்த அம்மாள், பாவம், களைத்து வருவாளே என்று ஒரு நாற்காலியை வாசலில் எடுத்துப் போட்டாளாம். "என்ன மரியாதை தெரிஞ்ச ஜனங்க" என்பார் மாப்பிள்ளை, இந்த இடம் வரும்போது. தங்கை எதிரில்தான் உட்கார்ந்திருப்பாள். இப்போதெல்லாம் அவள் உட்கார்ந்துதான் கேட்கிறாள்.

இவரைப் பார்த்து நீங்கள் சிரித்தீர்கள். சந்தோஷம். நானும் அதற்குத்தான் எழுதினேன். ஒரு சின்ன வேலை மட்டும் செய்யுங்கள். கடைசியாக நீங்கள் இருவராக எங்கோ போய் வந்தீர்களே, அந்தப் படங்களை எடுத்துப் பாருங்கள். மலை இருக்கும், வானம் இருக்கும், வளைந்து வளைந்து பாதை இருக்கும். அந்தப் பாதையின் கோடியில் பூச்சி அளவுக்கு ஏதோ தெரிகிறதா? படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கையை ஆட்டுவது உங்களுக்கு விடை கொடுக்க இல்லை. நிற்கச் சொல்லுகிறாள்.