வக்கீல் கம்பெனிக்குப் போன மாட்டு டாக்டர் கையெழுத்து

அன்னைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஒரு அப்ளிகேஷனை கூரியர்ல போடணும்.

ஃபாரம் ரெடி. போட்டோ ஒட்டியாச்சு. கவரும் வாங்கியாச்சு. மார்க்கையன்கோட்டையில பஸ் ஏறி சின்னமனூர்ல இறங்கணும், கூரியர் ஆபீஸ்ல குடுக்கணும், ஒரு டீயைக் குடிச்சிட்டுத் திரும்பணும். மூளையே தேவைப்படாத வேலை. அதனால என்னால முடியும்னு தைரியமா இருந்தேன்.

இது நடந்தது 2008ல. நான் மதுரையில சட்டம் நாலாவது வருஷம் படிச்சிட்டிருந்தேன். பெரிய வக்கீல் கம்பெனி எதுலயாவது லீவுல ஒரு மாசம் இன்டர்ன்ஷிப் பண்ணினாத்தான் பின்னாடி எவனாவது வேலைக்குக் கூப்பிடுவான்னு காலேஜே சொல்லிச்சு. அங்க போய் என்ன பண்ணணும்? ஃபைல் தூக்கணும், ஜெராக்ஸ் எடுக்கணும். அந்த ஜெராக்ஸ் எடுக்கிற பாக்கியத்துக்கு நாடு பூரா அடிதடி!

நானும் பதினோரு கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். பதினோரு பேரும் வேண்டாம்னுட்டாங்க.

சும்மா சொல்லக்கூடாது, ரொம்ப மரியாதையா வேண்டாம்னாங்க. எல்லா லெட்டர்லயும் கடைசி வரி ஒண்ணுதான்: 'உங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்.' என் எதிர்காலத்து மேல பதினோரு கம்பெனிக்கு அவ்வளவு அக்கறை. அந்த எதிர்காலம் அவங்க ஆபீஸ்ல மட்டும் நடந்துறக் கூடாது, அவ்வளவுதான்.

இது பன்னிரண்டாவது. சென்னையில ஒரு கம்பெனி. வெள்ளிக்கிழமைக்குள்ள அவங்க கையில இருக்கணும். அன்னைக்கு புதன். இதுவும் போச்சுன்னா அந்த லீவு போச்சு. அடுத்தது கடைசி வருஷம். கூடப் படிக்கிற பாதிப் பேருக்கு இடம் கிடைச்சிருச்சு. ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடந்து, யார் யாருக்குக் கிடைச்சிருக்குன்னு எண்ணிட்டிருந்தேன். வெளிய மட்டும், "பாப்போம், பாப்போம்"னு சிரிச்சிட்டுத் திரிஞ்சேன்.

செருப்பை மாட்டும்போது அம்மா ஃபாரத்தை வாங்கிப் பாத்தாங்க.

அம்மா சத்துணவு அமைப்பாளர். இருபது வருஷமா அரசாங்கத்துக்கு முட்டைக் கணக்கு எழுதினவங்க. ஒரு பேப்பரைப் பாத்தா அதுல என்ன இருக்குன்னு பாக்க மாட்டாங்க, என்ன இல்லன்னுதான் பாப்பாங்க.

"ஏலே, பச்சை மை எங்க?"

"என்ன பச்சை மை?"

"கெஜட்டட் ஆபீசர் கையெழுத்துடா. சீலு போட்டோவுல பாதி, பேப்பர்ல பாதி விழுகணும். அது இல்லாம அனுப்புனா எவன் பாப்பான்?"

"அம்மா, இது பிரைவேட் கம்பெனி. அவங்க கேக்கவே இல்ல."

"கேக்காம குடுத்தாத்தான் மதிப்பு. பதினோரு தடவை உன் இஷ்டத்துக்கு அனுப்புனியே, என்னாச்சு?"

நாலு வருஷம் சட்டம் படிச்சவன் ஃபாரத்தைத் திருப்பி வாங்கிக்கிட்டேன். கிளம்பினேன், கெஜட்டட் ஆபீசரைத் தேடி.

சின்னமனூர்ல பஸ்ஸை விட்டு இறங்கினதும் மொதல்ல மேல்நிலைப்பள்ளி ஹெட்மாஸ்டர். வாசல்லயே பியூன் மறிச்சிட்டாரு.

"தேனிக்கு மீட்டிங் போயிருக்காக. நாளைக்கு வாங்க."

அடுத்து அரசு ஆஸ்பத்திரி. டோக்கன் வாங்கி, இருமிக்கிட்டிருந்த அம்பது பேருக்கு நடுவுல ஒரு மணி நேரம் உக்காந்தேன். எனக்கே லேசா இருமல் வந்துருச்சு. ஒரு வழியா டாக்டர் முன்னாடி போய் நின்னேன்.

"என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல சார். ஒரு அட்டெஸ்டேஷன்..."

"ஒண்ணும் செய்யலன்னா எதுக்கு வந்த? அடுத்த ஆளு!"

இதையும் ஒரு நிராகரிப்புன்னு கணக்குல சேத்தா பன்னிரண்டு. ஆனா இவரு என் எதிர்காலத்தை வாழ்த்தல.

வெளிய கையில கட்டுப் போட்டிருந்த ஒரு அண்ணன் என்னைப் பாத்துப் பரிதாபப்பட்டாரு.

"தம்பி, மாட்டாஸ்பத்திரிக்குப் போங்க. அங்கன இருக்க டாக்டரும் கெஜட்டட்தான். நம்மூர்ல பாதிப்பேரு சர்டிபிகேட்டு அவரு கையெழுத்துதான். நல்ல மனுசன், வந்தவகளத் திருப்பி அனுப்ப மாட்டாக."

திருப்பி அனுப்ப மாட்டாரு! எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும். ஓடினேன்.

மணி ரெண்டே கால். கூரியர் பை மூணரைக்குக் கட்டிருவாங்க.

மாட்டாஸ்பத்திரியில நல்ல கூட்டம். நாலு பசு, ஏழெட்டு ஆடு, ஒரு கோபக்கார எருமை. வாசல்ல ஒரு லாரி. கேரளாவுக்கு மாடு ஏத்திட்டுப் போற வியாபாரி ஒருத்தர் அதுக்குச் சீட்டு வாங்க நின்னிட்டிருந்தாரு. குமுளி செக்போஸ்ட்டைத் தாண்டணும்னா, இந்த மாட்டுக்கு நோய் இல்லன்னு டாக்டர் எழுதிக் குடுத்து சீல் வைக்கணும்.

டாக்டர் நிஜமாவே நல்ல மனுசன்.

"அட்டெஸ்டேஷனா? தாராளமாப் போடலாம். மொதல்ல அந்தப் பசுவைக் கொஞ்சம் புடிங்க. ஊசி போடணும்."

இன்டர்ன்ஷிப்புக்காக வாங்கின வெள்ளைச் சட்டையில இருந்தேன். பசு கயித்தைப் புடிச்சேன். ஊசி ஏறுச்சு. பசு சாணி ஒட்டின வாலை ஒரு சுழட்டு சுழட்டி, என்னைப் பத்தின தன் கருத்தை முதுகு பூரா எழுதிருச்சு.

"அசையாம நில்லுங்க தம்பி, பயப்படுது," அப்படின்னாரு அட்டெண்டர்.

யாரு பயப்படுறதுன்னு அவரு தெளிவாச் சொல்லல.

டாக்டர் கையைக் கழுவிட்டு வந்து மேஜை முன்னாடி உக்காந்தாரு. என் ஃபாரம் ஒண்ணு, வியாபாரியோட சீட்டு ஒண்ணு. ரெண்டுலயும் பச்சை மையில கையெழுத்துப் போட்டாரு. எவ்வளவு அழகான பச்சை! "ரெண்டுக்கும் சீலு வச்சு விடுப்பா"ன்னுட்டு எருமையைப் பாக்கப் போயிட்டாரு.

அட்டெண்டர் ஒரு கையில ஆட்டைப் புடிச்சிட்டு, இன்னொரு கையால டொக்கு, டொக்குன்னு ரெண்டு சீலையும் வச்சாரு. நான் ஃபாரத்தைக் கவர்ல சொருகி நெஞ்சோட அணைச்சிட்டு வாசலுக்கு வந்துட்டேன்.

அப்ப பின்னாடி வியாபாரி குரல்.

"ஏப்பா, இங்கன வா. என்ன சீலு வச்சிருக்க? எப்பவும் மூணு வரி இருக்கும். இதுல ரெண்டுதான் இருக்கு."

அட்டெண்டர் வாங்கி வாசிச்சுப் பாத்தாரு. மூஞ்சி வெளுத்துருச்சு. வியாபாரியோட சீட்டுல இருந்த ஆங்கில முத்திரைக்கு அவரு தமிழ்ல சொன்ன அர்த்தம் இதுதான்: 'மூலத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது. உண்மை நகல்.'

"என் மாடு நகலா?" வியாபாரி கொதிச்சுட்டாரு. "காசு குடுத்து வாங்கின அசலு மாடுய்யா!"

எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. பாவம், என்ன மனுசன்யான்னு விழுந்து விழுந்து சிரிச்சேன்.

அப்புறம்தான் ஒரு சந்தேகம் வந்துச்சு. அந்தச் சீல் அங்க போயிருச்சுன்னா, அங்க போக வேண்டிய சீல் எங்க போச்சு?

கவரைப் பிரிச்சேன். என் போட்டோ மேல மூணு வரி. 'பரிசோதிக்கப்பட்டது. தொற்றுநோய் ஏதுமில்லை. லாரியில் ஏற்றிச் செல்லத் தகுதியானது.'

ஆங்கிலம் தெரியாத வியாபாரி வரியை எண்ணிப் பாத்து வாங்குறாரு. ஒப்பந்தச் சட்டத்துல அறுபத்தெட்டு மார்க் வாங்கின நான் என் பேப்பரையே வாசிக்காம வாங்கிட்டு வரேன். என்னை எந்தக் கம்பெனியும் சேக்காததுல ஒரு நியாயம் இருக்கத்தான் செய்யுது.

வியாபாரிக்கு டாக்டர் புதுச் சீட்டு எழுதிக் குடுத்துட்டாரு. லாரி கிளம்பிருச்சு. எனக்கு? ஃபாரம் ஒண்ணுதான் இருக்கு. பிரவுசிங் சென்டர்ல இன்னொண்ணு எடுக்கலாம்னா ரெண்டுலருந்து நாலு வரைக்கும் கரண்ட் கட். மணி ரெண்டே முக்கால்!

"சார், வைட்னர் இருக்கா?"

டாக்டர் என்னை ஒரு பார்வை பாத்தாரு.

"வக்கீலுக்குத்தானே படிக்கிறீக? ஆவணத்துல வைட்னர் அடிக்கலாமா? அடிச்சா, என்னத்த அடிச்சோம்னு தெரியணும். ஒத்தக் கோடு போட்டு, பக்கத்துல கையெழுத்துப் போடணும். அதான் முறை."

கொடுமை என்னன்னா, அவரு சொன்னது சரி. எனக்கு காலேஜ்லயும் அப்படித்தான் சொல்லிக் குடுத்திருந்தாங்க.

ஒத்தக் கோடு போட்டாரு. மெல்லிசா, நேரா. அடியில இருந்த மூணு வரியும் இப்ப முன்னைவிடப் பளிச்சுன்னு தெரிஞ்சுது. கோட்டுக்குப் பக்கத்துல ஒரு பச்சைக் கையெழுத்து. அதுக்கு மேல சரியான சீல். அதுக்கு ஒரு பச்சைக் கையெழுத்து. என் முகத்துல மிச்சம் தெரிஞ்சது ஒரு காதுதான்.

"படிக்கிறவகளுக்குக் குழப்பம் வரக்கூடாதுல்ல," அப்படின்னு சொல்லிட்டு, நான் தடுக்கிறதுக்குள்ள ஓரத்துல பச்சை மையில ரெண்டு வரி ஆங்கிலத்துல எழுதி, அதுக்கும் கையெழுத்துப் போட்டுட்டாரு.

'கால்நடைக்குரிய முத்திரை தவறுதலாக இடப்பட்டது. மேற்படி மனுதாரர் கால்நடை அல்ல.'

"இப்ப எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் நிக்கும்," அப்படின்னாரு சந்தோஷமா.

என்ன பண்றது? அனுப்பினா அவமானம். அனுப்பலன்னா கடைசித் தேதி போச்சு. மூணு இருபத்தஞ்சுக்கு கூரியர் ஆபீஸ் வாசல்ல நின்னேன். உள்ள இருந்தவரு என் முதுகை மோந்து பாத்துட்டு ஒண்ணும் கேக்காம வாங்கிக்கிட்டாரு. அனுப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மாவுக்கு ஏக சந்தோஷம்.

"நாலு கையெழுத்தா! ஒண்ணு கேட்டா நாலு போட்டிருக்காகளே! இந்தத் தடவை கிடைச்சிரும்டா."

அடுத்த பத்து நாள் நான் போனை வச்ச கண் வாங்காமப் பாத்துட்டே இருந்தேன். 'கால்நடை அல்ல'ன்னு எழுதினதை நினைச்சா கூசும். இருந்தாலும் ஒருவேளை, ஒருவேளைன்னு மனசு அடிச்சிக்கும். பதினோரு தடவை அடிபட்டாலும் இந்தப் பாழாப்போன ஆசை மட்டும் போக மாட்டேங்குது.

பதினோராம் நாள் சாயங்காலம் போன் வந்துச்சு. சென்னை நம்பர். அம்மா பக்கத்துல வந்து உக்காந்து ஸ்பீக்கரைப் போடச் சொன்னாங்க. அந்தப் பக்கம் ஒரு மேடம்.

"மிஸ்டர் முருகேசன்? உங்க அப்ளிகேஷன் வந்துச்சு. எங்க ஆபீஸ்ல எல்லாருமே படிச்சோம். சீனியர் பார்ட்னர் ரெண்டு தடவை படிச்சார்."

மத்த பதினோரு கம்பெனில ஒரு தடவையாவது படிச்சாங்களான்னே தெரியாது. அம்மா என்னை ஒரு பார்வை பாத்தாங்க. நான் சொன்னேன்ல, அப்படிங்கிற பார்வை.

"ஆனா சாரி. இந்தத் தடவை உங்களுக்கு இடம் குடுக்க முடியல."

உண்மையைச் சொல்றேன், வலிச்சுச்சு. பழகிப் போயிருக்கும்னு நினைச்சேன். இது பழகுற வலி இல்ல போல.

"பரவால்ல மேடம். லெட்டரே போட்டிருக்கலாமே?"

"இல்ல, உங்ககிட்ட ஒரு பெர்மிஷன் கேக்கணும். அந்த முதல் பக்கத்தை ஃபிரேம் போட்டு எங்க லைப்ரரியில வைக்கணும்னு சார் ஆசைப்படறார். ஒரு ஆவணத்தை இவ்வளவு முறையாத் திருத்தி அவர் பாத்ததே இல்லையாம். புதுசா வர்றவங்களுக்கெல்லாம் காட்டணும்னு சொல்றார். உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?"

அழுகையும் வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு. அழுகைதான் மொதல்ல வந்துச்சு.

அம்மா என் தொடையில ஒரு தட்டுத் தட்டி, "பச்சை மை தெளிவா விழுந்திருக்கான்னு கேளுடா"ன்னாங்க.

"ரொம்பத் தெளிவா இருக்கும்மா!" ஸ்பீக்கர்ல மேடமே பதில் சொன்னாங்க.

ஆட்சேபணை இல்லன்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்ல?

எனக்கு ஒரு மாசம் இடம் குடுக்க முடியாத ஆபீஸ்ல, என் போட்டோவுக்கு ஆயுசு பூரா இடம் குடுத்துட்டாங்க.