புடலங்காய் அண்ணையின் ஐப்பசி

ஜெர்மனியின் நொய்கெல்னில் இருந்த தமிழர்கள் எல்லோருமே குளிருக்குப் பயந்தவர்கள்தான். குளிரோடு நேருக்கு நேர் சண்டைக்குப் போனவர் ஒருவரே. அவர் புடலங்காய் அண்ணை. அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தட்டு வீட்டில் நாங்கள் நான்கு ஆண்கள் சேர்ந்து இருந்தோம். எல்லோருக்கும் அகதி வழக்கு முடியாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. அண்ணை ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். அங்கே ஊறுகாய் வரும் பெரிய வாளிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து, பின்முற்றத்தில் வைத்து, மண் நிரப்பி, அதற்குத் தோட்டம் என்று பெயரும் வைத்துவிட்டார்.

பங்குனி பிறந்தால் யோகட் கோப்பைகளில் விதை போட்டு, அறையைச் சூடாக்கும் ஹைசுங்கின் மேல் அடுக்குவார். எங்கள் உடுப்புக் காயப்போட இடம் இராது. கேட்டால், "ஈரச் சட்டை போட்டு நீர் சாகமாட்டீர். குளிர் பிடிச்சா அதுகள் செத்துப்போகும்" என்பார். கோடையில் பொழுதுபட்டுப் புடலம்பூ விரியும் நேரம் ஆண் பூவைப் பிடுங்கிப் பெண் பூவில் தடவுவார். "இஞ்சத்தைப் பூச்சிக்கு இது என்ன பூவெண்டே தெரியாது. கலியாணத்தை நான்தான் செய்துவைக்க வேணும்."

ஆனால் அண்ணையை அண்ணையாகப் பார்க்க ஐப்பசியில் பார்க்க வேண்டும். காய்ப்பு ஓய்ந்ததும், தேத்தண்ணியோடு ஒவ்வொரு வாளிக்கும் முன்னால் நின்று விசாரணை நடத்துவார்.

"மிளகாய், உன்னில ஒரு குறையும் சொல்ல ஏலாது. தக்காளி, உனக்கு எடுப்புத்தான் பெரிசு, முழுக்க இலை." கத்தரிக்கு முன்னால் மட்டும் குரல் தணியும். "உன்னில பிழையில்லை. உன்னை நிழலில வைச்சது நான்."

அந்த வருடம் ஒரே ஒரு புடலங்காயை விதைக்கென்று கொடியிலேயே விட்டிருந்தார். அது நன்றாகப் பழுத்துச் சிவந்தால்தான் விதை முற்றும். வளையாமல் இருக்க நுனியில் கல் கட்டினார். குளிராமல் இருக்கத் தன் கம்பளிக் காலுறையை மாட்டிவிட்டார். பனிப்புகாரில் அது பச்சையும் வெள்ளையுமாகத் தொங்கி, காற்றுக்கு மெல்ல அசைந்தது.

மேல்மாடிக்கு அந்தக் கிழமைதான் ஒரு வயதான ஜெர்மன் மனிசி குடிவந்திருந்தார். காலையில் திரைச்சீலையை விலக்கியவர் முற்றத்தில் பாம்பைக் கண்டார். பொலிசைக் கூப்பிட்டார்.

கதவில் பொலிஸ் என்றதும் எங்களுக்கு அகதி வழக்குத்தான் ஞாபகம் வந்தது. ஒருவன் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டான். அண்ணைதான் பனியனோடும் குளிர்த்தொப்பியோடும் வெளியே போனார்.

"ஷ்லாங்க நைன்!" என்று இரண்டு கையையும் ஆட்டினார். "பாம்பு இல்லை, கெமூச, கெமூச! மரக்கறி!"

வந்த இரண்டு பேரும் கிட்டப் போய்ப் பார்த்தார்கள். இளையவன் தொட்டும் பார்த்தான். காலுறையைக் கண்டதும் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். சரி, ஒன்றுமில்லை, போகிறோம் என்று புறப்பட்டார்கள். விஷயம் அதோடு முடிந்திருக்கலாம்.

அண்ணை நிமிர்ந்து பார்த்தார். மேலே யன்னலில் அந்த மனிசி இன்னும் நின்றார். பொலிஸ் சொன்னதை நம்பவில்லை. திரைச்சீலையை விடாமல் பிடித்தபடி முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணை உள்ளே வந்து கத்தியை எடுத்துக்கொண்டு போனார். காலுறையைக் கழற்றினார். காயை அறுத்து, குறுக்கே வெட்டி, இரண்டு துண்டையும் மேலே தூக்கிக் காட்டினார். உள்ளே விதைகள் பால் வெள்ளையாக இருந்தன. பிறகு ஒரு துண்டைக் கடித்து, தும்பாகிப்போன சதையைச் சப்பி விழுங்கி, சிரித்தும் காட்டினார். யன்னல் மெல்லச் சாத்தப்பட்டது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவங்கள் போறம் எண்டவங்கள்தானே அண்ணை. ஏன் வெட்டினீங்கள்?"

"அந்த மனிசி இரவைக்கு நித்திரை கொள்ள வேணுமெல்லோ" என்றார். கத்தியைக் கழுவிக்கொண்டே, "பயந்து பயந்து வளவைப் பாக்கிறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியும், தம்பி" என்றார்.

அந்த முறை விசாரணை நடக்கவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்து, வெட்டிய துண்டுகளிலிருந்து விதைகளைப் பொறுக்கினார். பிஞ்சு விதைகளைக் காயவைத்துப் பங்குனியில் போட்டார். எல்லாம் அழுகின. யாழ்ப்பாணத்திலிருந்து விதை எடுப்பிக்கவும் வழியில்லை. சண்டையில் சனம் இடம்பெயர்ந்துகொண்டிருந்தது, கடிதங்களே வரவில்லை.

வைகாசியில் ஒரு நாள் மேல்மாடி மனிசி ஒரு தட்டு நிறைய நாற்றுகளோடு கீழே இறங்கி வந்தார். கையாலேயே ஏதோ மன்னிப்புப் போலச் சொன்னார். அண்ணை இரண்டு கையாலும் வாங்கி, "டாங்க ஷோன், டாங்க ஷோன்" என்று குனிந்தார். அவை நூல்கோல் நாற்றுகள். மனிசி படியேறியதும் அண்ணை என்னிடம் திரும்பினார்.

"நோக்கோல்! ஊரில காய்ச்சல்காரனுக்குக் குடுக்கிற சாமான். மனிசன் தின்னுவானோ?"

ஆனாலும் நட்டார். அடுத்த கோடையில் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போன இடத்தில் யாரோ ஒரு அக்கா கை நிறையப் புடலை விதை கொடுத்தார். அதற்குப் பிறகும் முன்வரிசை வாளிகள் நோக்கோலுக்குத்தான். ஏன் என்று கேட்டேன்.

"மேல நிண்டு பாத்துக்கொண்டிருக்கும் அந்த மனிசி. எடுத்தாத் தெரிஞ்சுபோகும்."

விளைந்ததை என்ன செய்வது? பால்கறி வைத்தார். புடலங்காயில் பெரிய மன்னனாக இருந்தவருக்கு நோக்கோல் ஒரு நாளும் வசப்படவில்லை. ஒரு நாள் தண்ணீர், மறு நாள் கல். வாயில் வைக்க ஏலாது.

அந்த வீட்டில் இருந்தவரைக்கும் நான் ஒரு நாளும் தட்டில் மிச்சம் வைத்ததில்லை.